வேணும்னே கொடுத்தானா?

கோத்தகிரி பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஒன்பது வருடம் ஆலோசகராக இருந்தேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை, முடிவு வந்த பிறகு ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். அதுதான் வேலை. எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். அதில் ஒருவனுக்கு நான் சொன்ன ஒரு பதில் மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு. வருகிறவர்களின் ஊரையும் வேலையையும் உறவுமுறையையும் மாற்றியிருக்கிறேன்.

2016 கடைசி. மழை விட்டு உறைபனி தொடங்கியிருந்த சமயம். கேரட் பிடுங்கும் கூலி வேலை செய்கிற ஒரு பையன் வந்தான், இருபத்தாறு வயது. கேரட் வேலை எங்கள் மலையில் நடுராத்திரியில் தொடங்கும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிப் பிடுங்கி, கழுவும் மிஷினில் போட்டு, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியை அனுப்பிவிட்டுத்தான் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். அவன் அப்படியே நேராக வந்திருந்தான். நகக்கண்ணில் செம்மண். கல்யாணம் ஆகி நான்கு மாதம் என்றான்.

"ஒருவேளை இருக்குன்னு வந்துச்சுன்னா போலீஸ்ல சொல்லுவீங்களாக்கா?"

யாரிடமும் சொல்ல மாட்டோம் என்றேன். அவன் விடவில்லை.

"அப்ப கேஸ் எதுவும் வராதுல்ல?"

அதற்குச் சில வாரம் முன்னால்தான் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தேன். ஒரு வக்கீல் வந்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார். கற்றது அப்படியே நாக்கில் நின்றது. "டெஸ்ட் எடுத்ததுக்கு யாரும் கேஸ் போட முடியாதுப்பா. ஆனா, இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் மறைச்சு, அடுத்தவங்களுக்குக் குடுத்தா அது சட்டப்படி குத்தம்" என்றேன்.

தலையாட்டினான். "டீ குடிச்சுட்டு வந்துடுறேன்கா" என்று எழுந்து போனான். சாயங்காலம் வரை வரவில்லை. படிவத்தில் பெயரும் வயதும் எழுதியிருந்தேன். ரத்தம் எடுத்த நேரம் என்ற கட்டம் காலியாகவே கிடந்தது.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 269, 270 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. உயிருக்கு ஆபத்தான நோயின் தொற்றைப் பரப்பக்கூடிய காரியத்தை, பரவும் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, கவனக்குறைவாகச் செய்தால் 269. ஆறு மாதம் வரை சிறை. அதே காரியத்தைக் கெட்ட எண்ணத்தோடு செய்தால் 270. இரண்டு வருடம் வரை. தனிமைப்படுத்தும் விதிகளை மீறினால் 271. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 271, 272, 273 என்று எண் மாறியிருக்கின்றன. சாரம் மாறவில்லை.

இவற்றைப் பல தடவை படித்திருக்கிறேன். ஒரு விஷயத்தை முதல் படிப்பில் கவனிக்கவே இல்லை. இந்தப் பிரிவுகளுக்கு யாருக்கும் நோய் வந்திருக்க வேண்டியதில்லை. வரக்கூடும் என்றால் போதும். நோய் வந்துவிட்டது, அதை வேணும்னே ஒருவன் உண்டாக்கினான் என்றால் அதற்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. சட்டம் காயத்துக்குச் சொல்லும் விளக்கத்திலேயே உடல் வலி, நோய், உடல் நலிவு மூன்றும் இருக்கின்றன. அதாவது ஒருவருக்கு நோயை உண்டாக்குவது, கத்தியால் கீறுவதுபோலவே காயப்படுத்துவதுதான். கொல்லும் எண்ணத்தோடு செய்தால் கொலை முயற்சி. இறந்துவிட்டால் கொலை.

இந்தச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அப்போது கிருமி என்ற ஒன்றுதான் காலராவைக் கொண்டுவருகிறது என்று மருத்துவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. ராபர்ட் கோக் கல்கத்தாவில் உட்கார்ந்து காலரா கிருமியைப் பிரித்துக் காட்டியது 1884இல். அதற்கு ஒரு வருடம் முன்னால், 1883இல், நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தனக்குக் காலரா என்று தெரிந்தும் ஒருவர் ரயில்வேக்காரர்களிடம் சொல்லாமல் ரயிலில் பயணம் செய்துவிட்டார். 269இன்படி குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த மனிதர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிறவர் எதற்காக ரயில் ஏறுவார்? வீட்டுக்குத்தான் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

2020இல் என் சித்தி மகனும் வீட்டுக்குத்தான் வந்தான்.

எங்கள் குடும்பம் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இன்னும் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். தம்பி காய்கறி லாரியில் லோடுமேன். ஏப்ரல் கடைசியில் லோடு ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போனவன் அங்கே மாட்டிக்கொண்டான். சந்தைக்குள் கொரோனா தொற்று பரவுகிறது என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. கடை இல்லை, சாப்பாடு இல்லை, மூட்டைமேல் படுத்துத் தூங்கியிருக்கிறான். மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு லாரியைப் பிடித்துக் கிளம்பி வந்துவிட்டான். காய்கறி வண்டிகளுக்கு அனுமதி இருந்தது. மேட்டுப்பாளையத்தில் உடம்பு லேசாகக் கணகணவென்றிருக்க, ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டான். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நெற்றியில் கருவியைக் காட்டிப் பார்த்தார்கள். காய்ச்சல் காட்டவில்லை. "சளி, இருமல், காய்ச்சல் எதாச்சும் இருக்கா?" என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

நான்கு நாள் லைனில் எல்லோரோடும் இருந்தான். பையன்களோடு கேரம் ஆடினான். பக்கத்து வீட்டு அப்பாயிக்கு ரேஷன் அரிசி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். ஐந்தாம் நாள் சுகாதார ஆய்வாளர் கோயம்பேடு போய்வந்தவர்களின் பட்டியலோடு வந்தார். சளி மாதிரி எடுத்தார்கள். பாசிட்டிவ். அடுத்து அப்பாயிக்கும் பாசிட்டிவ். அவரைக் கோயம்புத்தூருக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினேழு நாள் கழித்து அப்பாயி நடந்தே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிட்டார். ஆனால் அந்தப் பதினேழு நாளில் லைன் வேறொன்றாக மாறிவிட்டது.

சித்தி வீட்டுக்குப் போகும் படியில் உண்ணிச் செடியையும் தேயிலைக் கவாத்துக் குச்சிகளையும் வெட்டிக் குவித்திருந்தார்கள். சித்தி தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்கு வரக்கூடாது என்றார்கள். அப்பாயியின் மகன் போலீஸுக்குப் போனார். எஃப்.ஐ.ஆரில் 188 (அரசு உத்தரவை மீறியது), 269 என்று எழுதியதோடு 270உம் சேர்த்து எழுதினார்கள். லைன் முழுக்க ஒரே பேச்சுதான்: "தெரிஞ்சேதான் வந்தான். வேணும்னேதான் பரப்பினான்."

தம்பி பொய் சொன்னான். அதை நான் மழுப்பப் போவதில்லை. மாத்திரை போட்டுச் சூட்டைக் குறைத்ததும், சாவடியில் இல்லை என்றதும், கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்ததும் தப்பு. 269 போட்டதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் 270 கேட்பது கெட்ட எண்ணம். அப்பாயிக்கு அரிசி தூக்கிக்கொண்டு போனவனுக்கு அப்பாயிமேல் என்ன வன்மம்? அந்த எஃப்.ஐ.ஆர். எழுதியவர் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தி இதை யோசித்திருந்தால் அந்த எண்ணை எழுதியிருக்க மாட்டார். அது அந்த வருடம் கை பழகிப்போய் எழுதிய எண்.

நாடு முழுக்க அப்படித்தான் எழுதினார்கள். மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் அமைப்பின் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள்மேல் இதே பிரிவுகள் பாய்ந்தன. அந்த ஒரு மாதம் எங்கள் பஜாரில் பழவண்டி பாயிடம் யாரும் ஆரஞ்சு வாங்கவில்லை. அவர் தில்லியைக் கண்ணால் பார்த்தவர்கூட இல்லை. பிறகு நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கின. நம் மதுரைக் கிளை அந்த ஜூனிலேயே வெளிநாட்டவர் 31 பேர் மீதான நடவடிக்கைகளை முடித்துவைத்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை எஃப்.ஐ.ஆர்.களை ரத்து செய்ததோடு, இவர்களைப் பலிகடா ஆக்கியிருக்கிறார்கள் என்றே எழுதியது. தில்லியில் அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்த இந்தியர்கள் 70 பேரின் வழக்கு ரத்தாவதற்கு 2025 ஜூலை ஆகிவிட்டது. ஐந்து வருடம் அவர்கள் 'நோய் பரப்பியவர்கள்' என்ற பெயரோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

தம்பியின் வழக்கு அவ்வளவு இழுக்கவில்லை. 2021 பிப்ரவரியில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். வன்முறை, காவலர்களைத் தடுத்தது, மோசடியாக இ-பாஸ் வாங்கியது ஆகியவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த அலையில் இவன் வழக்கும் போயிற்று. பெயர் போகவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் யாராவது ஒருவர் குடித்துவிட்டு, "லைனுக்கு நோயைக் கொண்டாந்தவன்தானே நீ" என்று ஆரம்பிப்பார்.

என் சின்ன வயதில் லைனில் அம்மை போட்டால் கதவில் வேப்பிலை செருகுவார்கள். கோத்தகிரி குளிருக்கு வேம்பு வளராது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவைத்து ஒரு கட்டு வரவழைக்க வேண்டும். அந்த இலையைப் பார்த்தால் யாரும் படியேற மாட்டார்கள். ஆனால் வாசல்வரை கூழும் இளநீரும் வரும். ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொன்னார்களே தவிர, யார் கொண்டுவந்தது என்று யாரும் கேட்டதில்லை. மருத்துவத்தில் அது சரியா தப்பா என்பது வேறு. ஒரு வீட்டில் தொற்று இருக்கிறது, தள்ளி இருங்கள் என்பதை அந்த வீட்டாரே வெட்கமில்லாமல் வெளியே சொல்ல ஒரு வழி இருந்தது. 2020இல் சித்தி வீட்டுக் கதவில் அரசாங்கம் ஒட்டிய தாளைப் பார்த்தபோது எனக்கு அந்த வேப்பிலைதான் ஞாபகம் வந்தது.

வேணும்னே நோயைக் கொடுக்கிற ஆள் உலகத்தில் இல்லவே இல்லையா? இருக்கிறான். அவன் எப்படியிருப்பான் என்று தெரிந்துகொள்ள ஒரு வழக்கைப் படிக்க வேண்டும்.

பாக்கூர் என்ற ஊர் இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது. அங்கே ஒரு ஜமீன் குடும்பம். 1933 நவம்பர் 26ஆம் தேதி, அந்தக் குடும்பத்து இளைஞர் அமரேந்திர சந்திர பாண்டே ஹௌரா ரயில் நிலையத்தில் கூட்டத்துக்குள் நடந்துபோகிறார். யாரோ ஒருவன் உரசிக்கொண்டு போகிறான். கையில் சுருக்கென்று குத்துகிறது. எட்டாம் நாள் அவர் இறந்துபோகிறார். ரத்தத்தைச் சோதித்தால் பிளேக் கிருமி. கல்கத்தாவில் பல வருடமாக பிளேக்கே இல்லை. சொத்துத் தகராறில் இருந்த மாற்றாந்தாய் மகனான அண்ணன் பினோயேந்திரா, தாராநாத் பட்டாச்சார்யா என்ற மருத்துவரோடு சேர்ந்து திட்டம் போட்டது விசாரணையில் வெளிவந்தது. பம்பாயின் ஆர்தர் ரோடு மருத்துவமனையிலிருந்து, ஆராய்ச்சி என்று சொல்லி, பிளேக் கிருமியை வாங்கியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடம் மூக்குக் கண்ணாடியில் வேறு கிருமியைத் தடவிக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அப்போது அமரேந்திராவுக்கு டெட்டனஸ் வந்து பிழைத்துக்கொண்டார். அண்ணனுக்கும் மருத்துவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். 1936இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை நாடுகடத்தலாகக் குறைத்தது.

இந்த வழக்கில் என்னென்ன இருக்கின்றன பாருங்கள். சொத்து இருக்கிறது. முன்பே செய்துபார்த்த முயற்சி இருக்கிறது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயில் பயணம், கிருமி வாங்கிய பதிவேடு, குத்துவதற்கு ஓர் ஆள். எண்ணத்தை நிரூபிக்க எல்லாமே கையில் இருந்தது. அவர்களைப் பிடித்தது 270 இல்லை, கொலைச் சட்டம். 1994இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு மருத்துவர் தன்னை விட்டுப் பிரிந்த பெண்ணுக்கு, வைட்டமின் ஊசி என்று சொல்லி, தன்னிடம் வந்த எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தத்தைச் செலுத்தினார். அங்கேயும் கொலை முயற்சி என்றுதான் வழக்கு. 50 வருடச் சிறை. வைரஸின் மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்த ஆதாரம் அமெரிக்கக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்றில் ஏறியது அதுதான் முதல் தடவை.

குன்னூருக்குப் போகும்போதெல்லாம் சிம்ஸ் பூங்கா எதிரில் பாஸ்டர் நிறுவனத்தைப் பார்ப்பேன். 1907இலிருந்து கொடிய கிருமிகளைக் கண்ணாடிக்குள் வைத்துப் புழங்கிய இடம். என் அப்பாவை வெறிநாய் கடித்தபோது தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டு உயிரோடு திருப்பிக் கொடுத்த இடமும் அதுதான். பாக்கூர் வழக்கைப் படித்த பிறகு அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது ஒரு நன்றி கூடுதலாக வரும். அங்கே தலைமுறை தலைமுறையாக அந்தக் குப்பிகளைத் தொட்ட கைகள் அவற்றை மருந்துக்காகத் தொட்டிருக்கின்றன.

சரி, எங்கள் மையத்துக்கு வருகிற பயம் வேறு மாதிரி. தியேட்டர் சீட்டில் ஊசி வைத்திருக்கிறார்களாம், பஸ்ஸில் குத்திவிட்டு "வெல்கம்" என்று சீட்டு கொடுக்கிறார்களாம். வருடத்துக்கு ஒருவராவது ஒரு சின்னக் கீறலைக் காட்டிக்கொண்டு அழுதபடி வருவார்கள். மருத்துவமனைக்குள்ளேயே, தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி அப்போதே குத்தினாலும் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான் என்று விளக்குவேன். புரிந்துகொண்டு போவார்கள். வதந்தி போகாது. முகம் தெரியாத ஒருவன் வேணும்னே குத்துகிறான் என்று நம்புவது, வீட்டுக்குள்ளேயே யாரோ ஒருவர் மூலமாகத் தெரியாமலே வந்திருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்வதைவிடச் சுலபமாக இருக்கிறது.

இந்த நம்பிக்கை ஓர் அரசாங்கத்தையே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு லிபியா இருக்கிறது. 1998இல் பெங்காசியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. வந்தது. பல்கேரியாவைச் சேர்ந்த ஐந்து செவிலியரும் ஒரு பாலஸ்தீன மருத்துவரும் வேணும்னே செலுத்தினார்கள் என்று வழக்கு. சித்திரவதை செய்து ஒப்புதல் வாங்கினார்கள். மரண தண்டனை விதித்தார்கள். குழந்தைகளின் ரத்தத்திலிருந்த வைரஸை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இவர்கள் அங்கே வேலைக்கு வருவதற்கு முன்பே அந்த வைரஸ் அந்த மருத்துவமனையில் சுற்றிக்கொண்டிருந்தது என்று 2006இல் காட்டினார்கள். காரணம் சுத்தம் செய்யாத ஊசிகளும் கருவிகளும் என்பதையே எல்லாம் சுட்டியது. ஆறு பேரும் வெளியே வந்தது 2007இல். எட்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார்கள். அந்தப் பெற்றோர்களை நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும். குழந்தைக்கு இப்படி ஆனால் யாரையாவது கைகாட்டத்தானே மனது துடிக்கும்.

எச்.ஐ.வி.யும் சட்டமும் நம் நாட்டில் சந்தித்த விதமும் நல்ல விதமில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். மூன்றே வருடத்தில் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர், ரத்ததானம் செய்யப்போய், பாசிட்டிவ் என்று தெரிந்ததற்காக 64 நாள் அடைத்துவைக்கப்பட்டார். அவர் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. 1998இல் 'மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிடல் இசட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 269, 270ஐக் காட்டி, எச்.ஐ.வி. உள்ளவருக்குத் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டதுபோல என்று எழுதியது. 2002இல் அதே நீதிமன்றம், அந்தக் கருத்து அந்த வழக்குக்குத் தேவையற்றது என்று ஒதுக்கியது. இடைப்பட்ட நான்கு வருடத்தில் எத்தனை பேர் ரகசியமாகக் கல்யாணம் செய்திருப்பார்கள், எத்தனை பேர் பரிசோதனைப் பக்கமே வராமல் இருந்திருப்பார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இதுதான். 'தெரிந்தே' என்ற சொல்லை மையமாக வைத்து ஒரு சட்டம் எழுதினால், அதில் மாட்டுகிறவன் பரிசோதனை செய்துகொண்டவன். செய்துகொள்ளாதவனுக்கு எதுவும் தெரியாது. அவனிடமிருந்து எத்தனை பேருக்குப் போனாலும் அவன் தெரிந்து செய்யவில்லை. என் கையெழுத்துப் போட்ட தாள்தான் ஒருவனுக்கு எதிரான முதல் சாட்சி ஆகிறது. அந்தக் கேரட் பையன் படிப்பு ஏழாம் வகுப்பு. பயிற்சியில் வக்கீல் இரண்டு மணி நேரம் பேசியும் எனக்குப் பிடிபடாதது அவனுக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவுசெய்து எழுந்து போய்விட்டான்.

எட்டு மாதம் கழித்து, 2017 நடுவில், ஐந்தாம் மாத கர்ப்பத்தோடு ஒரு பெண் வந்தாள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. பாசிட்டிவ். கணவரை அழைத்துவரச் சொன்னேன். வாசலில் வந்து நின்றவன் அவன்.

அன்றைக்கு ரத்தம் கொடுத்தான். முடிவு என்னவென்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கீழே திருப்பூரில் வேலை செய்தபோது ஏற்பட்ட பழக்கம் என்றான். சந்தேகம் இருந்தது என்றான். "அன்னைக்கு நீங்க சொன்னதும் பயந்துட்டேன்கா." அதைக் குற்றம்சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுவாரம் அவளுடைய அண்ணன் வந்தார். கையில் டைப் செய்த மனு. "எந்த செக்‌ஷன்ல போடணும் மேடம்? வேணும்னேதான் என் தங்கச்சிக்குக் குடுத்திருக்கான்." அவருடைய கோபத்தில் எனக்குப் பாதி நியாயம் தெரிந்தது. சந்தேகம் இருந்தும் ஒருவன் தன் மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை. அவள் உடம்பு, அவள் பிள்ளை. அவள் தரப்பிலிருந்து பார்த்தால் இது சாதாரணத் துரோகமா? அந்த வருடம் ஏப்ரலில்தான் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. 2018 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதில் 10ஆவது பிரிவு, தொற்றுள்ளவர் பிறருக்குப் பரவாமல் இருக்க நியாயமான எச்சரிக்கைகளை எடுக்க வேண்டும் என்கிறது. யாருக்கு அந்தக் கடமை? ஆலோசனை பெற்றவருக்கு, அல்லது நோயின் தன்மை அறிந்தவருக்கு. வன்முறைக்கோ கைவிடப்படுவதற்கோ அஞ்ச வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணுக்கு விலக்கு உண்டு. மீறினால் இத்தனை வருடம் சிறை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்த மௌனத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அது சரி என்றும் நினைக்கிறேன். அதே சட்டம், எச்.ஐ.வி. உள்ளவர்கள்மேல் வெறுப்பைப் பரப்புகிறவர்களுக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை வைத்திருக்கிறது.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. உங்கள் தங்கையைக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். கேட்கவில்லை. அவளையே கூப்பிட்டேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் அண்ணனைப் பார்த்து, "கேஸ் போட்டா கோர்ட்டுல என் பேரும்தானே எழுதுவாங்க?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மாத்திரை சாப்ட்டா புள்ளைக்கு வராதுன்னாங்கல்ல, அதைப் பாருங்க முதல்ல" என்றாள்.

மருந்து இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றில் 15 முதல் 45 வரை. சரியாக மருந்து எடுத்தால் ஐந்துக்கும் கீழே. அவள் ஒரு நாள் தவறவில்லை. அந்த வருடம்தான் யாராக இருந்தாலும், எதிர்ப்புச் சக்தி எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், உடனே மருந்து தொடங்கலாம் என்று விதி மாறியிருந்தது. அதனால் அவனுக்கும் தொடங்கினோம். மருந்து எடுத்து, வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாகப் பிறருக்குப் போகாது. இதை எட்டு மாதம் முன்னால் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். "பயப்படாத, தெரிஞ்சுகிட்டா மருந்து இருக்கு, அவளையும் காப்பாத்தலாம்" என்று சொல்லியிருந்தால் டீக்கடைக்குப் போயிருக்க மாட்டான் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. நான் அவனிடம் சட்டத்தைச் சொன்னேன்.

2018 டிசம்பரில் சாத்தூர் செய்தி வந்தபோது, மையத்தில் என்னால் வேலை செய்ய முடியவில்லை. ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தன் நிலை தெரிந்ததும், யாரும் கேட்காமலே ரத்த வங்கிக்குப் போய்த் தானே சொன்னவர். தெரிந்தவுடன் ஒரு மனிதன் செய்யக்கூடியதில் அதைவிட நல்லது எதுவும் இல்லை. சில நாளில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைக் காப்பாற்ற நம்மிடம் ஒரு பிரிவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு முன்ஆலோசனையில் சட்டம் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசையை மாற்றிக்கொண்டேன். மருந்து, குடும்பம், ரகசியம். சட்டம் கடைசியில், அதுவும் அவர்களுக்கு இருக்கும் உரிமையிலிருந்து தொடங்கி. வன்மத்தோடு ஊசி பிடிக்கிற ஓர் ஆள் என்றாவது வந்தால் அவனுக்கு பாக்கூர் வழக்கின் சட்டம் இருக்கிறது. என் மேசைக்கு வந்தவர்களில் அப்படி ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

குழந்தைக்கு 18 மாதத்தில் கடைசிப் பரிசோதனை. தொற்று இல்லை. அண்ணன் அந்த மனுவை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். வேலையை விட்ட அன்று டிராயரிலிருந்து எடுத்து அவளுக்கு போன் செய்து கேட்டேன். உங்களிடமே இருக்கட்டும் என்றாள்.

அவர்கள் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவனோடு அவள் அதிகம் பேசுவதில்லை. மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை, கேட்கும் உரிமையும் எனக்கில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை. அவன் ஒரு மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் எட்டுக்கே படுத்துவிடுவான். அவள் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு, அவனுடையதை ஒரு டம்ளர் வெந்நீரோடு தலைமாட்டில் வைத்து, தோளைத் தட்டி எழுப்பிவிட்டுப் போகிறாளாம். அவன்தான் சொன்னான்.